ஓடும் வரிசை கண்ட ஹென்றி ஃபோர்டு

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

வணிகவியல் மாணவர்களாகிய நாம் முதலாண்டிலேயே சில சொற்களை மனப்பாடம் செய்துவிடுகிறோம். வேலைப் பகுப்பு, பேரளவு உற்பத்தி, நிலைச் செலவு, சரக்கிருப்பு, தொழிலாளர் வெளியேற்ற விகிதம் என்று அவை நீளும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையாக எழுதியதோடு அவற்றில் பல மறந்தும் போகின்றன. ஆனால் இச்சொற்கள் அத்தனையும் ஒரு தனிமனிதரின் வாழ்க்கையில் நிகழ்ச்சிகளாக நடந்து முடிந்திருக்கின்றன. அம்மனிதர் அமெரிக்க நாட்டின் ஹென்றி ஃபோர்டு.

மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் ஃபோர்டு என்று பலர் எண்ணுவது தவறு. செருமானியரான கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டிலேயே தம் வண்டிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஃபோர்டு உலகுக்குத் தந்தது காரை அன்று. காரைச் செய்யும் முறையை. அந்த முறை அவரை வானளாவ உயர்த்தியது. அதே முறையைக் காலம் மாறிய பின்னும் கைவிட மறுத்தது அவரைச் சறுக்கவும் வைத்தது. உயர்வு, சறுக்கல் ஆகிய இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நமக்குப் பயன் தரும்.

இளமை

ஃபோர்டு 1863ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய உழவர். தாய் மேரி, மகனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போதே மறைந்துவிட்டார். ஏரும் மாடும் சிறுவனின் மனத்தைக் கவரவில்லை. கடிகாரங்களைப் பிரித்து மீண்டும் பூட்டுவதில்தான் அவருக்கு இன்பம் இருந்தது. பதினாறாம் வயதில், 1879ஆம் ஆண்டு, வீட்டை விட்டு டெட்ராயிட் நகரம் சென்று இயந்திரப் பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார்.

1888இல் கிளாரா பிரயண்ட் என்னும் பெண்ணை மணந்தார். 1891இல் எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளர் பணி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் தலைமைப் பொறியாளர் ஆனார். பகலில் அலுவல், இரவில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஆராய்ச்சி. 1896 சூன் மாதத்தில் நான்கு மிதிவண்டிச் சக்கரங்களின் மேல் எஞ்சின் பொருத்திய ஒரு வண்டி அங்கே உருவாயிற்று. வெளியே கொண்டுவர முனைந்தபோதுதான் கொட்டகையின் வாசல் வண்டியை விடக் குறுகலாக இருப்பது தெரிந்தது. செங்கல் சுவரைக் கோடரியால் இடித்து வழி செய்தார் ஃபோர்டு. அவ்வாண்டே தாமசு ஆல்வா எடிசனை நேரில் சந்தித்து, அவருடைய ஊக்கமொழியையும் பெற்றார்.

இரண்டு தோல்விகள்

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1899இல் முதலீட்டாளர் சிலர் துணையுடன் டெட்ராயிட் ஆட்டோமொபைல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஃபோர்டு வண்டியைத் திருத்திக்கொண்டே இருந்தார்; விற்பனைக்குத் தக்க எண்ணிக்கையில் வண்டிகள் வரவில்லை. 1901இன் தொடக்கத்தில் அந்நிறுவனம் கலைந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் பெயராலேயே இரண்டாவது நிறுவனம் எழுந்தது. அதிலும் முதலீட்டாளர்களோடு கருத்து வேறுபாடு. 1902இல் ஃபோர்டு வெளியேற, எஞ்சியோர் அதனைக் காடிலாக் என்னும் பெயரில் நடத்தினர்.

நல்ல பொருளைப் படைக்கும் திறன் வேறு. அதனைக் குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த எண்ணிக்கையில் படைக்கும் திறன் வேறு. முதல் திறன் கைவினைஞனுக்குப் போதும். நிறுவனம் நடத்துவோருக்கு இரண்டாவதும் வேண்டும். இந்த உண்மையை இரண்டு நிறுவனங்களை இழந்த பிறகே ஃபோர்டு கற்றுக்கொண்டார்.

1903 சூன் 16ஆம் நாள் மூன்றாவது முயற்சியாக ஃபோர்டு மோட்டார் கம்பெனி பதிவாயிற்று. ரொக்கமாகத் திரண்ட மூலதனம் 28,000 டாலர் மட்டுமே. ஆனால் இம்முறை கணக்கையும் விற்பனையையும் கண்டிப்புடன் பார்த்துக்கொள்ள ஜேம்சு கசன்ஸ் என்பவர் இருந்தார். எஞ்சின் முதலிய பாகங்களை டாட்ஜ் உடன்பிறப்பினர் தம் பட்டறையில் செய்து தந்தனர். பொறியறிவோடு நிதி நிர்வாகமும் கைகோத்ததால் நிறுவனம் காலூன்றியது.

ஒரே மாதிரி வண்டி

அக்காலத்தில் மோட்டார் கார் என்பது செல்வர்களின் விளையாட்டுப் பொருள். ஒவ்வொரு வண்டியையும் ஒரே இடத்தில் நிறுத்தி, கைதேர்ந்த கம்மியர் சிலர் சுற்றி நின்று, பாகங்களை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவார்கள். வாங்குவோரின் விருப்பப்படி வண்டி அமையும். எண்ணிக்கை குறைவு, விலை அதிகம். இதுவே கைவினை உற்பத்தி முறை.

ஃபோர்டின் பங்குதாரர்களில் சிலர் விலையுயர்ந்த வண்டிகளையே விரும்பினர். ஃபோர்டோ உழவரும் தொழிலாளரும் வாங்கக்கூடிய வண்டியை எண்ணினார். 1908 அக்டோபரில் மாடல் டி வெளிவந்தது. 20 குதிரைத்திறன், எளிதில் முறியாத வனேடியம் எஃகு, சேற்றுப் பாதையிலும் ஓடும் உயரம், உழவரே பழுது பார்த்துக்கொள்ளும் எளிமை. விலை 850 டாலர். பின்னர் இந்த ஒரு மாதிரியைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை என்று ஃபோர்டு முடிவு செய்தார். 1914 முதல் 1925 வரை நிறம்கூடக் கறுப்பு ஒன்றுதான்.

இம்முடிவின் பொருளாதாரத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒரே வண்டியைத்தான் செய்யப் போகிறோம் என்று உறுதியானால், அந்த ஒரு வண்டிக்கென்றே தனி இயந்திரங்களைச் செய்துகொள்ளலாம். எஞ்சின் கட்டையில் 45 துளைகளை ஒரே நேரத்தில் இடும் இயந்திரம் ஃபோர்டின் ஆலையில் இருந்தது. அத்தகைய இயந்திரத்தின் விலை மிக அதிகம். அது நிலைச் செலவு. ஆயினும் இலட்சக்கணக்கான வண்டிகளின் மேல் அச்செலவைப் பகிர்ந்துவிட்டால், ஒரு வண்டிக்கு விழும் பங்கு சில காசுகளே. இதன் மறுபக்கமும் உண்டு. அந்த இயந்திரம் மாடல் டி தவிர வேறு எதற்கும் உதவாது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஓடும் வரிசை

1910இல் ஹைலண்ட் பார்க் என்னுமிடத்தில் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் வரைந்த பெரிய ஆலை திறக்கப்பட்டது. அங்கேதான் 1913ஆம் ஆண்டில் தொழில் வரலாற்றின் போக்கையே மாற்றிய சோதனை நடந்தது. வேலையாள் பொருளைத் தேடிச் செல்வதற்கு மாறாக, பொருள் வேலையாளைத் தேடி வரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. சிகாகோ நகர இறைச்சிக் கூடங்களில் தொங்கும் பாதையில் நகரும் உடல்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியாக அறுத்தெடுப்பதைக் கண்டு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வர். அங்கே பிரித்தார்கள், இங்கே சேர்த்தார்கள்.

முதலில் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோவில் சோதனை நடந்தது. ஒருவரே முழுவதும் பொருத்தினால் ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். அவ்வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து வரிசையில் ஆட்களை நிறுத்தியதும் 13 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. வரிசையின் உயரத்தையும் வேகத்தையும் திருத்தியபின் 5 நிமிடமாகக் குறைந்தது. அடுத்து வண்டியின் அடிச்சட்டம். ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை 1914இல் 93 நிமிடத்தில் முடிந்தது. புதிய எஞ்சின் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. வேலையை அடுக்கிய விதம் ஒன்றே மாறியது.

விலை படிப்படியாக இறங்கியது. 1920களின் நடுவில் மிகக் குறைந்த விலை மாடல் டி 260 டாலருக்குக் கிடைத்தது. விலை குறையக் குறைய வாங்குவோர் பெருகினர். வாங்குவோர் பெருகப் பெருக உற்பத்திச் செலவு குறைந்தது. பேரளவு உற்பத்தியின் சிக்கனங்கள் என்று நம் பாடநூல் சொல்வது இதைத்தான்.

ஐந்து டாலர் கூலி

ஆனால் ஓடும் வரிசையின் முன்னே நின்றவர் மனிதர். ஒரே திருகாணியை நாள் முழுவதும் முடுக்கும் வேலையை அவர்களால் தாங்க முடியவில்லை. 1913ஆம் ஆண்டில் ஃபோர்டு ஆலையின் தொழிலாளர் வெளியேற்ற விகிதம் 370 விழுக்காடு. ஏறத்தாழ 14,000 பணியிடங்களை நிரப்பி வைக்க ஓராண்டில் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் சேர்த்து, பழக்கி, இழப்பது எவ்வளவு பெரிய செலவு!

1914 சனவரி 5ஆம் நாள் நாடே வியந்த அறிவிப்பு வந்தது. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை டாலராக இருந்த வருவாய் ஐந்து டாலர் ஆகும். ஒன்பது மணி வேலை எட்டு மணியாகக் குறையும். இம்முடிவில் கசன்ஸின் பங்கு பெரிது. மறுநாளே வேலை கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஆலை வாயிலில் திரண்டனர். ஒரு வாரத்துக்குள், உறைபனிக் குளிரில், கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீர்க் குழாய்களைத் திருப்பிவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இதனைக் கொடை என்று மட்டும் கருதுவது பொருந்தாது. அந்த ஐந்து டாலரில் ஏறத்தாழ பாதி, இலாபப் பங்கு என்னும் பெயரில் நிபந்தனையோடு வந்தது. ஆறு மாதம் பணியாற்றியிருக்க வேண்டும், குடிப்பழக்கம் கூடாது, வீடு தூய்மையாக இருக்க வேண்டும். இவற்றைச் சோதிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொழிலாளர் வீடுகளுக்கே சென்றனர். தொடக்கத்தில் பெண் தொழிலாளருக்கு இவ்வூதியம் கிடையாது. எனினும் வெளியேறுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது, உற்பத்தி உயர்ந்தது. கூலி உயர்வு செலவாக மட்டும் முடிவதில்லை, செலவைக் குறைக்கும் வழியாகவும் அமையலாம் என்பது நடைமுறையில் தெளிவாயிற்று.

நிறுவனம் யாருக்காக?

1916இல் நிறுவனத்திடம் பெருந்தொகை சேர்ந்திருந்தது. சிறப்புப் பங்காதாயம் தருவதை நிறுத்தி, அப்பணத்தைப் புதிய ஆலை கட்டவும் வண்டி விலையைக் குறைக்கவும் பயன்படுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தார். பங்குதாரர்களான டாட்ஜ் உடன்பிறப்பினர் வழக்குத் தொடுத்தனர். 1919இல் மிச்சிகன் உச்சநீதிமன்றம், வணிக நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரர்களின் ஆதாயத்துக்காகவே நடத்தப்படுவது என்று கூறி, பெரும் பங்காதாயம் வழங்க ஆணையிட்டது. ஆனால் ஆலை விரிவாக்கத்தைத் தடுக்க மறுத்துவிட்டது. கம்பெனிச் சட்டம் படிப்போர் உலகெங்கும் இவ்வழக்கை ஆராய்கின்றனர்.

ஃபோர்டு எடுத்த அடுத்த நடவடிக்கை கடுமையானது. பிறர் கையிலிருந்த பங்குகள் அத்தனையையும் அவ்வாண்டே பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, நிறுவனத்தைத் தம் குடும்பத்தின் முழு உடைமையாக்கினார். கேள்வி கேட்போர் இல்லாத நிலை வந்தது. அது அவருக்கு நன்மையாக முடியவில்லை.

எல்லாம் தம் கையிலே

ரூஜ் ஆற்றங்கரையில் எழுந்த புதிய ஆலை ஃபோர்டின் கனவுக்கு உருவம் தந்தது. ஒரு முனையில் இரும்புத் தாது கப்பலில் வந்திறங்கும். மறு முனையில் கார் புறப்படும். சுரங்கம், காடு, கண்ணாடி ஆலை, எஃகு உலை எல்லாம் சொந்தம். 1920இல் ஓர் இருப்புப் பாதையையே வாங்கினார். மூலப்பொருள் வழியில் தங்கும் நாள் குறைந்தால் சரக்கிருப்பில் முடங்கும் பணம் குறையும் என்பது அவர் கண்ட கணக்கு.

ஆனால் எல்லாவற்றையும் தாமே செய்வது எப்போதும் இலாபம் ஆகாது. 1928இல் டயருக்கான இரப்பருக்காகப் பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் ஃபோர்டுலாண்டியா என்னும் தோட்ட நகரத்தை அமைத்தார். மரங்களை நெருக்கி நட்டதால் இலை நோய் பரவியது. டெட்ராயிட் ஆலையின் ஒழுங்குமுறைகளை அந்த வெப்ப நாட்டுத் தொழிலாளர் ஏற்கவில்லை. 1945இல் தோட்டங்கள் பிரேசில் அரசிடமே திரும்பின.

ஸ்லோன் காட்டிய மாற்று வழி

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் ஃபோர்டினுடையவை. அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைமைக்கு 1923இல் வந்தவர் ஆல்பிரட் ஸ்லோன். விலையில் ஃபோர்டை வெல்ல முடியாது என்பதை அவர் நன்கு அறிந்தார். எனவே போட்டியின் களத்தையே மாற்றினார். எளியவருக்குச் செவ்ரோலெட், செல்வருக்குக் காடிலாக், இடையே வருவாய்க்கேற்ற மற்ற வண்டிகள் என்று படி அமைத்தார். ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றினார். தவணை முறையில் விற்றார். பழைய வண்டியை ஏற்றுப் புதியதைக் கொடுத்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நிர்வாகி. தலைமை அலுவலகத்தின் கையில் நிதிக் கட்டுப்பாடு.

ஃபோர்டு வாங்குவோரை ஒரே திரளாகக் கண்டார். ஸ்லோன் அவர்களைப் பிரிவு பிரிவாகக் கண்டார். முதல் கார் வாங்குபவருக்கு விலை முக்கியம். இரண்டாவது கார் வாங்குபவர் வசதியும் அழகும் தேடுவார். அமெரிக்கா இரண்டாவது கார் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டதை ஃபோர்டு உணரவில்லை.

உணர்த்தியவர்கள் இருந்தார்கள். மகன் எட்செல் பணிவோடு சொல்லிப் பார்த்தார். எட்செலின் உறவினரும் உயர் அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர் 1926 சனவரியில் மாடல் டியின் நிலையை விளக்கி எழுத்து மூலம் எச்சரித்தார். சில மாதங்களில் அவர் வேலையிழந்தார். ஃபோர்டின் ஆலைகளை உருவாக்கியவர்களுள் ஒருவரான வில்லியம் நட்சன் 1921இலேயே விலகியிருந்தார். அவரே பின்னர் செவ்ரோலெட்டின் தலைவராகி ஃபோர்டை முந்தினார். தகவல் கீழிருந்து மேலே செல்லாத நிறுவனத்தில் எத்தனை இயந்திரம் இருந்தும் என்ன பயன்?

1927 மே 26ஆம் நாள் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளிவந்தது. அத்தோடு அதன் கதை முடிந்தது. புதிய வண்டிக்கு மாற முனைந்தபோது, ஒரே வண்டிக்கென்று செய்த அந்த இயந்திரங்களே தடையாயின. ஆயிரக்கணக்கான இயந்திரங்களை மாற்றவோ திருத்தவோ வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் ஆலை மூடிக் கிடந்தது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர். டிசம்பரில் மாடல் ஏ வந்தது, நன்றாகவே விற்றது. ஆனால் 1930களில் முதலிடம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வசமாயிற்று.

நிழல்கள்

ஒரு பெரியவரின் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைப்பது முறையன்று. தாம் விலைக்கு வாங்கிய ஒரு வார இதழில் 1920 முதல் யூத மக்களுக்கு எதிராக வெறுப்பை வளர்க்கும் கட்டுரைகளை ஃபோர்டு வெளியிடச் செய்தார். 1927இல் மன்னிப்புக் கேட்டாலும் அதன் தீமை நீங்கவில்லை. 1938இல் இட்லர் அரசு அளித்த விருதையும் ஏற்றுக்கொண்டார்.

தொழிற்சங்கத்தை அவர் கடைசி வரை வெறுத்தார். பொருளாதார மந்தத்தின்போது, 1932 மார்ச்சில், வேலை கேட்டு ரூஜ் ஆலையை நோக்கி ஊர்வலமாக வந்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. 1937இல் துண்டறிக்கை வழங்க வந்த சங்கத் தலைவர் வால்டர் ரூதர் முதலியோரை நிறுவனத்தின் காவலர் தாக்கினர். 1941இல் ரூஜ் ஆலையில் நடந்த பெரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே சங்கத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஐந்து டாலர் கூலி தந்தவர், தொழிலாளியின் பையை அறிந்தார். அவன் தன்மானத்தை அறியவில்லை.

காந்தியடிகளின் இராட்டை

பேரளவு உற்பத்திக்கு நேர் எதிர்த் திசையில் சிந்தித்தவர் காந்தியடிகள். சிலரைக் கொண்டு பெருமளவில் உற்பத்தி செய்வதை விட, பெருமக்கள் அனைவரும் உற்பத்தியில் பங்கு பெறுவதே இந்தியாவுக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. ஆட்கள் குறைந்து சந்தை பெருகிய நாட்டுக்கு ஃபோர்டின் வழி பொருந்தியது. கோடிக்கணக்கான கைகள் வேலையின்றி இருந்த நாட்டுக்கு அடிகள் வேறு வழி கண்டார். இருவழிகளையும் அந்தந்த நாட்டின் நிலையோடு வைத்தே எடை போட வேண்டும்.

வியப்பு என்னவெனில், இருவருக்கும் இடையே மதிப்பு இருந்தது. 1941இல் ஃபோர்டு அடிகளுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். அடிகள் தம் கையொப்பமிட்ட இராட்டை ஒன்றை அனுப்பிவைத்தார். ஓடும் வரிசை கண்டவர் அதனை அன்புடன் பெற்றுக்கொண்டார். ஃபோர்டுமே 1920 முதல் மிச்சிகன் சிற்றூர்களில் ஆற்று நீர்விசையால் இயங்கும் சிறு ஆலைகளை அமைத்து, உழவருக்குப் பகுதி நேர வேலை தந்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

இறுதி நாட்கள்

1943இல் மகன் எட்செல் நாற்பத்தொன்பது வயதில் மறைந்தார். எண்பதை எட்டிய தந்தை மீண்டும் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். நிறுவனம் தள்ளாடியது. 1945இல் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்பேற்று, ஜெனரல் மோட்டார்ஸ் வழி வந்த எர்னஸ்ட் பிரீச் முதலிய வல்லுநர்களை அழைத்து, கணக்கையும் அமைப்பையும் சீர்செய்தார். 1947 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு ஃபோர்டு காலமானார். அன்று ஆற்று வெள்ளத்தால் அவர் மாளிகையின் மின்சாரம் நின்றிருந்தது. எடிசன் நிறுவனத்தின் பழைய தலைமைப் பொறியாளர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்மூடினார்.

முடிவுரை

1950இல் சப்பான் நாட்டு எய்ஜி டொயோடா ரூஜ் ஆலையைப் பார்வையிட வந்தார். தம் நாட்டின் சிறிய சந்தைக்கு அம்முறை அப்படியே பொருந்தாது என்று கண்டார். வரிசையை எடுத்துக்கொண்டு, தேவையான பாகம் தேவையான நேரத்தில் மட்டும் வரும் முறையைத் தாயிச்சி ஓனோவின் துணையோடு டொயோட்டா நிறுவனம் வளர்த்தது. பழுது கண்டால் வரிசையையே நிறுத்தும் உரிமை அங்கே தொழிலாளிக்குக் கிடைத்தது. ஃபோர்டு மறந்த மனிதனின் அறிவை அவர்கள் வரிசைக்குள் கொண்டுவந்தார்கள்.

நம் மாநிலத்தில் மறைமலைநகரில் 1999இல் தொடங்கிய ஃபோர்டு ஆலை, போதிய விற்பனையின்றி 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆலையின் கொள்ளளவும் சந்தையின் தேவையும் பொருந்தாவிட்டால் எவ்வளவு பெரிய பெயரும் காப்பாற்றாது என்பதை அது நம் வாசலிலேயே காட்டிற்று. அதன் சுமையைத் தாங்கியவை தொழிலாளர் குடும்பங்கள்.

மாணவ நண்பர்களே! கைவினை முறை, பேரளவு முறை, பலவகை முறை, டொயோட்டா முறை என்று தேர்வில் ஒப்பிட்டு எழுதும்போது எது சிறந்தது என்று ஒரே விடை தேடாதீர்கள். யாருக்காக, எந்தச் சந்தைக்கு, எத்தகைய தொழிலாளரைக் கொண்டு, எந்தக் காலத்தில் என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். 1908இல் அவற்றுக்குச் சரியான விடை கண்டவர் ஃபோர்டு. 1926இல் அக்கேள்விகளை மீண்டும் கேட்கச் சொன்னவரை அவர் வெளியே அனுப்பினார். நாளை ஒரு சிறு கடையையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நம்மில் ஒருவர் நடத்த நேர்ந்தாலும், நம் முடிவைக் கேள்வி கேட்பவருக்கு நம் அருகில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.